ஒன்பதாம் வகுப்பு நாடகம்: தம்பியைக் கிள்ளிய காட்சிக்குப் பிறகு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை டீச்சர் (நவம்பர் 8, இரவு 9.40)

வணக்கம். திண்டிவனம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ஒன்பதாம் வகுப்புக்கு நாடகம் நடத்துகிறேன். நாடகம் என்றால் மேடை, வேஷம், மனப்பாட வசனம் எல்லாம் கிடையாது. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, ஒரு சூழலைச் சொல்லி, நாலு நாலு பேராகப் பிரித்து விடுவேன். பத்து நிமிஷம் பேசிவிட்டு நடித்துக் காட்ட வேண்டும். மொத்தம் 34 பேர்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு நாடகம் போடச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். சரி, பிள்ளைகளிடமிருந்தே எடுப்போம் என்று போன மாதம் 'ஒரு வீடு, அதில் ஒரு மாற்றுத்திறனாளி' என்று மட்டும் சொன்னேன். முதல் குழு, கண் தெரியாத தாத்தாவை ரோடு கடக்க வைத்தது. இரண்டாவது குழுவில் ஒரு பையன் காலை இழுத்து இழுத்து நடந்தான், எல்லாரும் கேலி செய்தார்கள், கடைசியில் அவன் கலெக்டர் ஆனான். கைதட்டல். இதையெல்லாம் நான் எத்தனையோ ஆண்டுவிழாவில் பார்த்தாகிவிட்டது.

அடுத்து வந்தது நான்கு பெண்பிள்ளைகள். ஒருத்தியைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயர் இல்லை. காட்சி இதுதான். காலை எட்டரை. அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கவிதா தரையில் உட்கார்ந்து தம்பிக்கு இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டுகிறாள். தம்பியாக நடித்தவள் ஸ்பூனைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கவிதா இழுக்கிறாள், வரவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கிறது (பின்னால் ஒருத்தி டிபன் பாக்ஸைத் தட்டினாள்). கவிதா தம்பியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் சிரித்தான். வகுப்பும் சிரித்தது. அப்புறம் அவள் அவன் காதுகிட்டே குனிந்து சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லிடாதடா."

அந்தத் தம்பிக்குப் பேச்சு வராது என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் அது அவள் வீடு. தம்பிக்குப் பதினொரு வயது, மூளை முடக்குவாதம். எனக்கு அதுவரை தெரியாது.

நான் ஏதோ சொல்லி வகுப்பை முடித்தேன். திங்கள், செவ்வாய் அவள் வரவில்லை. புதன்கிழமை வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் யாரோ அவள் அம்மாவிடம் "உம் பொண்ணு அந்தப் புள்ளைய கிள்றாளாமே, இஸ்கூல்ல நடிச்சுக் காட்டுனாளாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

பதினாறு வருஷ வேலையில் நான் பார்த்த மிக நல்ல காட்சி அது. அதற்கு விலை கொடுத்தவள் அவள். இந்த வேலையைத் தொடரலாமா, அவளிடம் என்ன பேசுவது, டிசம்பர் 3க்கு என்ன செய்வது, மூன்றும் குழப்பமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார் (நவம்பர் 8, இரவு 10.15)

டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். அடுத்த வருஷம் பத்தாவது. வீட்டு விஷயத்தை வகுப்பில் கிளறுவதற்கு நமக்கு என்ன பயிற்சி இருக்கிறது? கலெக்டர் நாடகத்தையே போட்டுவிட்டுப் போங்கள். யாருக்கும் வலிக்காது.


மூணு சக்கரம் (நவம்பர் 9, காலை 6.05)

யாருக்கும் வலிக்காது என்று வாத்தியார் சொல்கிறார். எனக்கு வலிக்கும் சார். வருஷா வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, காலை இழுத்து நடக்கும் பையனைக் காட்டுகிறார்கள். இடைவேளையில் ஒரு சால்வை.

எனக்கு 53 வயது. இரண்டு வயதில் போலியோ. இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று 2014இல் சான்றிதழ் வந்தது, போலியோ வந்த நாங்கள் இன்னும் இருக்கிறோம். புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது கலைப்பயணத்தில் ஊர் ஊராகப் போனவன் நான். பாட்டு நன்றாக வரும், அதனால் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேஷம் என்று வந்தால் கோல் ஊன்றிய கிழவன் அல்லது பிச்சைக்காரன். ஒருநாள்கூடப் பண்ணையார் வேஷம் கொடுக்கவில்லை. பண்ணையாருக்குப் போலியோ வராதா?

சரி, கேள்விக்கு வருகிறேன். டீச்சர், உங்கள் மூன்றாவது குழு செய்ததுதான் நாடகம். முதல் இரண்டு குழுவும் உடம்பை நடித்தார்கள். இந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவே இருப்பதை நடித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரு காலை மடக்கிக்கொண்டு நொண்டுவது, இதெல்லாம் செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிவது 'ஐயோ எவ்வளவு கஷ்டம்' என்பது மட்டும்தான். அஞ்சு நிமிஷம் கண்ணைக் கட்டினவனுக்கு இருட்டு தெரியும். கண்ணில்லாதவர் வீட்டில் யார் காசை எண்ணுகிறார்கள், யாரை நம்பி எண்ண விடுகிறார்கள் என்பது தெரியாது.

ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என்னை ஒரே நண்பன்தான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போனான். அஞ்சு வருஷம். ஊரே அவனைப் புகழ்ந்தது. அந்த அஞ்சு வருஷத்தில் நான் அவனோடு ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. நல்லவன் என்பதால் இல்லை. காலையில் சண்டை போட்டால் சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போவது? என் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டான், பேசாமல் இருந்தேன். என் கட்டுரையைப் பார்த்து எழுதினான், பேசாமல் இருந்தேன். அவனுக்கும் ஒரு சங்கடம் இருந்திருக்கிறது. அவன் கல்யாணத்துக்குப் போனபோதுதான் சொன்னான்: "உன்ன ஏத்திக்கிட்டு போனதால ஒருநாள்கூட என்னால லீவு போட முடியல தெரியுமா? காய்ச்சலோட ஓட்டியிருக்கேன்டா." அன்றைக்கு மண்டபத்து வாசலில் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டோம். அதற்கு முந்தி நாங்கள் நண்பர்கள்தானா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

இன்னொன்று. எல்லாரும் கிள்ளினதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவன் சிரித்தானே, அதை யாராவது கவனித்தீர்களா? நான் அந்தப் பையன் இல்லை, அவன் மனசு எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் என்னை யாரும் அடித்ததில்லை. என் அண்ணனையும் தங்கையையும் அப்பா வெளுத்து வாங்குவார், என்னைத் தொடமாட்டார். ஒருதடவை தங்கை கோபத்தில் என் கையைக் கடித்துவிட்டாள். அடிப்பது சரி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பல் தடத்தை இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.


வள மைய அக்கா (நவம்பர் 9, மதியம் 1.30)

டீச்சர், நான் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். மேலே அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஸ்பூன்தான்.

அவன் அடம் பிடிக்கவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்கு வாயில் ஏதாவது பட்டால் தாடை தானாக இறுகிவிடும். அவனே நினைத்தாலும் உடனே விட முடியாது. இழுத்தால் இன்னும் இறுகும். இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், தாடை தளர்ந்ததும் எடுத்துவிடலாம். எவர்சில்வர் ஸ்பூன் வேண்டாம், பல்லும் போகும், இறுக்கமும் கூடும். மழமழவென்று, குழி குறைவாக, கடித்தாலும் உடையாத ரப்பர் மாதிரி ஸ்பூன் நல்லது. தரையில் சாய்த்துவைத்து ஊட்டக் கூடாது. முதுகு நிமிர்ந்து, தலை பின்னால் சாயாமல், முகவாய் லேசாகக் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரையேறும். இதை அந்த வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் ஒருதடவை நேரில் பார்த்து, உட்கார வைக்கும் விதத்தை அவனுக்கு ஏற்ற மாதிரி சொல்லித்தர வேண்டும்.

அவன் பெயர் பள்ளிப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஒன்றியத்து வள மையத்தில் கேளுங்கள்.

நாடகத்தைப் பற்றி: நிறுத்தாதீர்கள், ஆனால் இனிமேல் சொந்த வீடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இந்த வீடு வேற ஊர்ல இருக்கு, இவங்க பேரு இது" என்று ஒரு பொய்வீடு கட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். உண்மை தானாக உள்ளே வந்துவிடும், யாருடையது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. காட்சி முடிந்ததும் வேஷத்தைக் கழற்ற வைக்க வேண்டும். நான் ஒரு துண்டு வைத்திருப்பேன். பாத்திரம் ஏற்பவர் அதைத் தோளில் போட்டுக்கொள்வார், முடிந்ததும் மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, தன் பெயரையும் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அசட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் செய்து பாருங்கள். உங்கள் கவிதாவுக்கு அன்றைக்கு அந்தத் துண்டைக் கழற்ற யாரும் சொல்லவில்லை.


சேலத்து அக்கா (நவம்பர் 9, இரவு 11.20)

எனக்கும் ஒரு தம்பி. இப்போது அவனுக்கு 35.

டீச்சர், ஒன்றே ஒன்று. அவளிடம் "நீ நல்ல அக்காம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினாலு வயதில் எனக்கு ஒரு டீச்சர் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னார். அதற்கப்புறம் களைப்பாக இருக்கிறது என்றுகூட என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நல்ல அக்கா களைக்க மாட்டாள் அல்லவா?

பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் 'தம்பி பின்னாடி யாரோட இருப்பான்' என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்று தடவை. நாலாவது வந்தவர் நேராகக் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். முடிந்தால் அப்படி ஒரு காட்சி கொடுங்கள் பிள்ளைகளுக்கு.


கிளிநொச்சி அரங்கு (நவம்பர் 10, மாலை 5.00)

வணக்கம் ரீச்சர். எங்களுக்கு இங்கே 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பரீட்சைப் பாடம், உயர்தரம் (உங்கட பிளஸ் டூ மாதிரி) வரைக்கும் இருக்கு. அதனால் கணக்கு வாத்தியார் போன்ற ஆக்களோடு எனக்குச் சண்டை குறைவு.

சைக்கிள் அண்ணையோடு ஒரு இடத்தில் ஒத்துவரேல்லை. உடம்பை நடிக்கவே கூடாது என்று சொன்னால் எங்கட பிள்ளைகளுக்கு நடிக்க ஒன்றும் மிஞ்சாது. இங்கே யுத்தத்துக்குப் பிறகு செயற்கைக் கால் போட்ட அப்பா, மாமா இல்லாத வகுப்பு இல்லை. பிள்ளைகளுக்கு அந்தக் காலைக் கழற்றுகிற சத்தமே தெரியும்.

ஒருமுறை 'பின்னேர வீடு' என்று ஒரு காட்சி கொடுத்தேன். யாருடைய வீடு என்று கதைக்கக்கூடாது, அது ஒப்பந்தம். ஒரு குழு செய்து காட்டினது: அப்பா ஏழு மணிக்குக் காலைக் கழற்றி வைப்பார். ஏழு மணிக்கு முன்னம் அவர் உரத்துக் கதைக்கிற அப்பா. ஏழு மணிக்குப் பிறகு "அம்மாச்சி, ஒருக்கா தண்ணி எடுத்துத் தாறியா" என்று மெல்லமாகக் கேட்கிற அப்பா. மகளுக்கு அந்த நேரம் வடிவாகத் தெரியும். சுற்றுலாவுக்குக் காசு கேட்கிறது, சிநேகிதி வீட்டுக்குப் போகக் கேட்கிறது எல்லாம் ஏழு மணிக்குப் பிறகுதான். வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சது. சிரிப்பு அடங்கினபிறகு ஒருத்தரும் ஒன்றும் கதைக்கேல்லை.

பிறகு அதை விவாத அரங்காகச் செய்தோம். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் தொடங்கின முறை. பார்க்கிறவர் 'நிறுத்து' என்று சொல்லி மேடையில் ஏறி ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுக்கலாம். 1970களில் பெரு நாட்டில் அவர் ஒரு நாடகம் போட, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நடிகர்கள் செய்து காட்டின எந்த முடிவும் பிடிக்கேல்லை, கடைசியில் அவவே மேடைக்கு ஏறிவிட்டா. அதிலிருந்து வந்ததுதான் இது. உங்கட பக்கம் மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கின ஜன சன்ஸ்கிருதி குழு இதைக் கிராமங்களில் செய்து வருகுது.

எங்கட வகுப்பில் முதல் ஏறின ஐந்து பேரும் மகளின் இடத்தை எடுத்தார்கள். பிறகு இரண்டு பேர் அம்மாவின் இடம். அப்பாவின் இடத்துக்கு ஒருத்தரும் வரேல்லை, கவனியுங்கோ. அடுத்த கிழமைதான் ஒரு பெடியன் எழும்பி வந்தான். வந்து கதிரையில் இருந்தான். மகள் வந்து வழமைபோல இளகின குரலில் கேட்கத் தொடங்க, இவன் சொன்னான்: "இண்டைக்கு நான் கால் கழட்டேல்ல. இப்ப கேள் பாப்பம்." மகளாக நடிச்ச பிள்ளைக்கு வார்த்தை வரேல்லை.

உங்கட காட்சியிலும் தம்பியின் இடம் காலியாகத்தான் கிடக்குது ரீச்சர். அவனுக்குப் பேச்சு வராது என்றபடியால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் நினைச்சிருப்பினம். பேச்சில்லாமல் அந்த இடத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கோ. ஆனால் அந்தக் கதையை வைச்சு இல்லை. அந்தப் பிள்ளை தானாகக் கேட்டால் ஒழிய அந்தக் கதையைத் திரும்பத் தொடாதேங்கோ.


கணக்கு வாத்தியார் (நவம்பர் 10, இரவு 8.30)

கலெக்டர் நாடகம் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சால்வை விஷயம் உறுத்துகிறது. எங்கள் பள்ளியிலும் வருஷா வருஷம் அதைத்தான் செய்கிறோம். பயிற்சி பற்றிக் கேட்டது கேட்டதுதான்.


வெள்ளிக்கிழமை டீச்சர் (டிசம்பர் 9, இரவு 10.10)

ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா வீட்டுக்குப் போனேன். முந்தினநாள் அவளிடம் "வரட்டுமா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அவள் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் திண்ணையில் நின்றபடியே சொன்னேன்: "தப்பு என்னோடதும்மா. வீட்டுக் கதைய வகுப்புல எடுக்க வெச்சது நான்தான்." அவர் நிமிராமலே, "நானுங்கூட கிள்ளியிருக்கேன் டீச்சர்" என்றார். அப்புறம்தான் பாய் விரித்தார்.

தம்பி உள்ளே தலையணையில் சாய்ந்து படுத்திருந்தான். நான் போனதும் கூரையைப் பார்த்துச் சிரித்தான். வள மைய அக்கா சொன்னதைச் சொல்லி, ஒரு மூலையில் சுவரோடு சேர்த்து நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்த்தோம். ஸ்பூனைக் கவ்வினான். கவிதா பழக்கதோஷத்தில் இழுக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. விட்டான். கவிதா என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. "இவ்ளோதானா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை, கோபம்தான் இருந்தது. இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்ற கோபம். நல்ல அக்கா என்று நான் சொல்லவில்லை, சேலத்து அக்கா.

அவன் பெயர் பதிவில் இல்லை. கொடுத்திருக்கிறேன். மையத்திலிருந்து ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 3இல் கலெக்டர் நாடகம்தான் நடந்தது. தலைமையாசிரியர் முடிவு, நான் போராடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கவிதா என் பக்கத்தில் குனிந்து, "கலெக்டர் ஆனப்புறம் அவருக்கு டிபன் பாக்ஸ் யாரு டீச்சர் தொறந்து குடுப்பாங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா நிஜமாகக் கேட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, அவளிடம் கேட்டுக்கொண்டு, அதையே சூழலாகக் கொடுத்தேன்: கலெக்டர் ஆபீஸ், மதியச் சாப்பாடு, டவாலியும் (கலெக்டரின் சேவகர்) கலெக்டரும். துண்டு போட்டு ஆரம்பித்தோம், கழற்றி முடித்தோம். டவாலியாக நடித்த பையன், கலெக்டர் திட்டினதும் சாப்பாட்டு மூடியை இறுக்கி மூடிவிட்டு "இப்ப தொறங்க சார்" என்றான். மூணு சக்கரம் அண்ணன் இருந்திருக்க வேண்டும். கவிதா நடிக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நானும் கூப்பிடவில்லை.

வள மைய அக்கா, நீங்கள் சொன்ன ரப்பர் ஸ்பூன் திண்டிவனத்தில் மூன்று மெடிக்கலில் கேட்டுவிட்டேன், குழந்தைகளுக்கான சின்னதுதான் இருக்கிறது. பதினொரு வயதுப் பையன் கடிக்கு அது தாங்குமா? விழுப்புரம் போகவேண்டுமா, பாண்டியிலேயே கிடைக்குமா?